இருநூற்று எழுபத்து நான்காவது இடம்

புர்வொகெர்த்தோ
ஜூலை 11, 2019

அன்புத் தங்கை ருஸ்மிக்கு அக்கா சுமியார்சி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே ஜாவாவில் நானும் உன் மகள் வெனிங்கும் இறைவன் கருணையால் சுகம். கடலுக்கு அப்பால் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் நீயும் மாப்பிள்ளை சர்கீமும் சின்னவனும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்டுக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை போனில் நான் "கிடைச்சிடுச்சு, கிடைச்சிடுச்சு" என்று கத்தினேனே, கேட்டதா? நீ தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று பேசுகிறாய். எனக்குக் காற்றின் சத்தம்தான் கேட்கிறது. அதனால்தான் கங்காணியிடம் கொடுத்துவிடும் மாதப் பார்சலில் இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். இன்னொரு காரணமும் உண்டு. போனில் பேசினால் வெனிங் என் தோளோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறாள். எல்லாமே அவள் காதில் விழ வேண்டியதில்லை.

ஆக, நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியில் உன் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. இருநூற்று எண்பத்தெட்டு இடங்களில் இவள் இருநூற்று எழுபத்து நான்கு. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. தோட்டத்துப் பள்ளி ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோவதையும், அடுத்த பள்ளிக்குச் சேற்றிலும் படகிலும் மூன்று மணி நேரம் போக வேண்டியிருப்பதையும் நினைத்துத்தானே நீ போன வருஷமே இவள் பெயரை என் குடும்ப அட்டையில் சேர்க்கச் சொன்னாய். நல்ல வேளை, அப்போதே செய்தோம். அட்டையில் பெயர் ஏறி ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும் என்று இந்த முறை கறாராகப் பார்த்தார்கள். தெருத்தலைவர் முகியோனோ அன்று கையெழுத்துப் போடும்போது, "பேருதானே சுமி, அது பாட்டுக்கு ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும்" என்று சிரித்தது ஞாபகம் வருகிறது. பெயர் ஒரு வருஷமாக ஓரமாக இருந்தது. பெண் வந்து இறங்கி ஐந்து வாரம்தான் ஆகிறது. பேப்பர் சரியாக இருக்கிறதல்லவா, பதிவு செய்த குமாஸ்தா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பதிவு நடந்த அந்த ஐந்து நாளும் எப்படிப் போனது என்று சொல்லி முடியாது. வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தூரத்தை வைத்து வரிசை போடுகிறார்கள். ஒரே தூரம் என்றால் வயதில் மூத்த பிள்ளை முன்னால். யாராவது புதிதாகப் பதிந்தால் நம் பிள்ளையின் பெயர் ஒரு படி இறங்கும். போனைத் திறந்தால் இறங்கியிருக்கும், மூடித் திறந்தால் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். நானும் அடுத்த வீட்டுத் தர்வியாவும் என் தையல் மெஷின் பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் போனில்தான் பார்த்தோம். அவள் மகள் சுல்ஃபாவும் இதே பள்ளிக்குத்தான் போட்டிருந்தாள். உனக்குச் சுல்ஃபாவைத் தெரியும். நீ கடைசியாக வந்தபோது பல் விழுந்த வாயோடு வாசலில் நின்று பாட்டுப் பாடினாளே, அந்தப் பெண்.

ருஸ்மி, சுல்ஃபாவுக்குக் கிடைக்கவில்லை. இருநூற்று எண்பத்தொன்பது. ஒரே ஒரு இடத்தில் போயிற்று. எங்கள் இரண்டு வீட்டுக்கும் மட்டுமல்ல, எங்கள் வட்டாரம் முழுவதற்குமே ஒரே தூரம்தான் போட்டிருந்தார்கள். வெனிங் ஐந்து மாதம் மூத்தவள்.

தர்வியா போனை இடுப்பில் செருகிக்கொண்டு, "வெனிங்குக்குக் கிடைச்சதே சந்தோஷம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் சுல்ஃபாவின் புதுச் சட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஆசைப்பட்டு, அரசுப் பள்ளி பேட்ஜை முன்கூட்டியே என்னிடம் கொடுத்துத் தைத்து வைத்திருந்தாள். "இதைப் பிரிச்சிட்டு இதை வெச்சுக் குடுங்க" என்று பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தனியார் பள்ளியின் பேட்ஜை நீட்டினாள். நான் பிரித்தேன். என் தையல் கெட்டி, உனக்குத் தெரியும். அது வர வெகுநேரம் ஆனது. அவள் அத்தனை நேரமும் நின்றுகொண்டே இருந்தாள்.

இது உனக்கு மட்டும். சந்தோஷமான சேதியில் இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை. வெனிங்குக்குக் கறுப்பு ஷூ வாங்கிவிட்டேன். சின்னவனுக்குச் சட்டை தைத்து வைத்திருக்கிறேன், கை நீளமாக இருந்தால் மடித்துவிடு. உங்கள் வீட்டில் குறையில்லாமல் இருக்கட்டும்.

அக்கா
சுமியார்சி


புர்வொகெர்த்தோ
ஆகஸ்ட் 25, 2019

அன்புள்ள ருஸ்மி, நலமறிய ஆவல். நீ அனுப்பிய உலர்ந்த மீன் வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்ததுமே தெருப் பூனை எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது.

வெனிங்கின் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதச் சொன்னாய். காலை ஏழுக்கு மணி அடிக்கிறார்கள், மாலை நாலுக்குத்தான் விடுகிறார்கள். முதல் மூன்று நாள் புதுப் பிள்ளைகளுக்கு அறிமுகம் என்று ஒரே கூத்து. அட்டையில் பெயர் எழுதி, பிளாஸ்டிக் நாரில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட வேண்டும். 'தூங்கும் அரசனின் தலையணை' கொண்டு வா என்று பெரிய வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்தார்கள். நானும் அவளும் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் வாழையிலையில் மடித்த சோற்றுக் கட்டியாம். சுல்ஃபாதான் கண்டுபிடித்துச் சொன்னாள். ஆமாம், சுல்ஃபாதான். இரண்டும் இப்போது ஈருடல் ஓருயிர். நான் பயந்ததற்கு நேர்மாறாக நடந்திருக்கிறது.

திங்கட்கிழமை கொடியேற்றத்துக்கு வெயிலில் முக்கால் மணி நேரம் நிற்கிறார்கள். முதல் மாதத்திலேயே இரண்டு தடவை வெனிங் மயங்கி விழுந்து மருத்துவ அறைக்குத் தூக்கிப் போனார்கள். சாப்பிடாமல் போகிறாள். நான் வைக்கிற சோறு அப்படியே இருக்கிறது. பள்ளிக் கேன்டீனில் மெண்டோவான் பஜ்ஜியும் ஐஸ் டீயும் சாப்பிட்டேன் என்கிறாள். கேன்டீன்காரி என் வாடிக்கைக்காரி. கேட்டேன். "உங்க பொண்ணா? அது இந்தப் பக்கமே வர்றதில்லையே" என்றாள்.

அவளுக்குப் படிப்பில் ஒரு குறையும் இல்லை. கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது. ஜாவா மொழிப் பாடம்தான் எமனாக இருக்கிறது. உங்கள் தோட்டத்தில் அந்தப் பாடமே கிடையாதே. இங்கே கட்டாயம். எழுத்துகளைப் பார்த்தால் புழு நெளிகிற மாதிரி இருக்கிறது என்கிறாள். முதல் தேர்வில் முப்பத்தைந்து. எழுத்தைவிட மரியாதைப் பேச்சுதான் பெரிய தொல்லை. நீங்கள் வீட்டில் பேசுவது நம்முடைய கொச்சைப் பேச்சு, பெரியவர்களிடம் பேசுகிற பேச்சு அவளுக்கு எங்கிருந்து வரும்?

போன வாரம் ஜாவா மொழி வாத்தியார் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையாக எழுப்பிச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறார். இவள் மரியாதையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு பெரியவர்களுக்குச் சொல்கிற சொல்லைத் தனக்கே போட்டு, "ஆமாம் ஐயா, நான் அமுது செய்தருளினேன்" என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. "மகாராணி வாழ்க" என்று பின்பெஞ்சில் இருந்து கத்தினார்களாம். அதோடு போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். அந்த வாத்தியார் மாணவர் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்தத் தெருவுல ஒரு வருஷத்துக்கு மேல இருக்கேன்னு போட்டிருக்கு. ஒரு வருஷத்துல 'சாப்பிட்டேன்'னு சொல்லக்கூடவா கத்துக்கல?" என்று கேட்டிருக்கிறார். கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். ஆனால் சிரித்துக்கொண்டிருந்த வகுப்பு சட்டென்று அடங்கிவிட்டதாம். யாரோ ஒரு பெண், "ஐயா, அவ அட்டையில வந்தவ" என்று முணுமுணுத்தாளாம்.

வீட்டுக்கு வந்து பையை வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள். "பெரியம்மா, நான் வரலைன்னா சுல்ஃபாவுக்குக் கிடைச்சிருக்குமா?" என்று. நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். அதையெல்லாம் கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது, போய்க் குளி என்றேன். அவள் போகவில்லை. "அவளுக்கு அது தெரியும். ஆனா அவதான் எனக்கு ஜாவா எழுத்து சொல்லித் தர்றா" என்றாள். பிறகு போய்க் குளித்தாள்.

சுதந்திர தினத்தன்று தெருப் போட்டியில் இருவரும் ஒரே கட்டையில் கால் கட்டி ஓடும் ஓட்டத்தில் முதல் பரிசு வாங்கினார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளி. அதை யார் வீட்டில் வைப்பது என்று சண்டை போட்டு, வாரத்துக்கு ஒரு வீடு என்று முடிவாகியிருக்கிறது. இந்த வாரம் நம் வீட்டில் இருக்கிறது. தர்வியா கைதட்டவில்லை, திட்டவும் இல்லை. வேலி ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திட்டிவிட்டால் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

நீ கவலைப்படாதே. புது இடம், புதுப் பள்ளி. பழகிவிடும். போனில் பேசும்போது சாப்பிடச் சொல்லி அவளிடம் கண்டித்துச் சொல். நான் சொல்லிவிட்டேன் என்று காட்டிக்கொள்ளாதே.

அக்கா
சுமியார்சி


புர்வொகெர்த்தோ
அக்டோபர் 6, 2019

ருஸ்மி, இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை வேலைக்குப் போன பிறகு படி. முதலில் தனியாகப் படித்துவிட்டு, எவ்வளவு சொல்ல வேண்டும் என்று நீயே முடிவு செய். யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன திங்கட்கிழமை வெனிங் பள்ளியிலிருந்து ஒரு கவர் கொண்டுவந்தாள். வசிக்கும் இடம் தொடர்பாகப் பேச வேண்டும், பாதுகாவலர் வியாழன் காலை ஒன்பது மணிக்கு வரவும் என்று துணைத் தலைமையாசிரியர் ஹெஸ்தி கையெழுத்துப் போட்டிருந்தார். யார் புகார் கொடுத்தது என்று கேட்டேன். வெனிங் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற நிலையைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. எனக்கு ஒரே ஒரு பெயர்தான் மனசில் வந்தது.

நேராக வேலிக்குப் போனேன். தர்வியா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நான் பேசியதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நீ தெரிந்துகொள்ள வேண்டும். "வயிறு எரிஞ்சா என்னைத் திட்டு, என் வீட்டு வாசல்ல மண்ணை வாரித் தூத்து. தாய் தகப்பன் பக்கத்துல இல்லாத பிள்ளை மேல ஏன் கை வெக்கிற?" என்று கேட்டேன். தெருவே கேட்கிற மாதிரி கேட்டேன். முகியோனோ வீட்டில் ரேடியோவை நிறுத்தினார்கள்.

தர்வியா கையில் இருந்த துணியைப் பிழிந்து, உதறி, கொடியில் போட்டுவிட்டுத்தான் பேசினாள். "எழுதறவளா இருந்தா ஜூலையிலயே எழுதியிருப்பேன்க்கா. பேனா எடுத்துட்டு உட்கார்ந்தேன். என் பொண்ணுதான், வேண்டாம்மா, அந்தப் பொண்ணு என்ன பண்ணும்னு கையைப் பிடிச்சிட்டா. மூணு மாசமா வாயை மூடிக்கிட்டு உங்க முகத்தைப் பாத்துச் சிரிச்சிட்டு இருக்கேன். அது எவ்வளவு கஷ்டம்னு உங்களுக்குத் தெரியுமா? இப்ப நீங்களே திறக்க வெச்சிட்டீங்க." இவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நான் அதையும் நம்பவில்லை, ருஸ்மி. நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை நல்ல பாத்திக் சட்டை போட்டுக்கொண்டு போனேன். துணைத் தலைமையாசிரியர் அறையில் ஆலோசனை ஆசிரியை ஒருத்தியும் இருந்தாள். டீ கொடுத்தார்கள். ஹெஸ்தி அம்மாள் மென்மையாகத்தான் கேட்டார். "வெனிங் எப்ப இருந்து உங்ககூட இருக்கா?" போன வருஷம் ஜூன் மாதத்திலிருந்து என்றேன். "அப்ப ஒன்பதாம் வகுப்பு?" இங்கேயும் அங்கேயுமாக இருந்தாள், பரீட்சைக்கு மட்டும் போய் வந்தாள் என்றேன். எனக்கே தெரியாமல் வாயில் வந்துகொண்டே இருந்தது. அவளுக்கு அம்மை போட்டபோது நான்தான் பார்த்தேன் என்றுகூடச் சொன்னேன். அல்லாவின் பெயரைச் சொல்லிச் சொன்னேன். இவள் என் வீட்டுச் சோற்றைத்தான் ஒரு வருஷமாகச் சாப்பிடுகிறாள் என்றேன்.

ஹெஸ்தி அம்மாள் எனக்கு இன்னும் கொஞ்சம் டீ ஊற்றினார். பிறகு, "அம்மா, யாரும் புகார் குடுக்கல. உங்க பொண்ணே வந்து சொன்னா. ரெண்டு வாரமாச்சு. பெரியவங்க வாயாலயும் ஒரு தடவை கேக்கணும்னுதான் உங்களைக் கூப்பிட்டோம்" என்றார். பக்கத்து அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பெஞ்சில் உன் மகள் சாம்பல் பாவாடையை இழுத்து முட்டியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வந்து என் கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாங்க பெரியம்மா, வெயிலுக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடலாம்" என்றாள். வழி முழுக்க எனக்குக் குடை பிடித்தாள்.

இனி என்ன ஆகும் என்பதைச் சொல்கிறேன். நடுவில் யாரையும் வெளியே அனுப்ப மாட்டார்களாம். ஜூலையிலேயே பட்டியல் முடிந்துவிட்டது, நீ சொன்னது சொன்னதாக இருக்கட்டும், பேசாமல் படி என்றுதான் ஹெஸ்தி அம்மாளும் சொல்லிப் பார்த்திருக்கிறார். இவள் ஒப்புக்கொள்ளவில்லை. மலையடிவாரத்தில் ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது, அங்கே இடம் நிரம்பவில்லை, யாருடைய இடத்தையும் பிடுங்க வேண்டியதில்லை, அங்கே மாற்றிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். முதல் பருவத்துத் தேர்ச்சி அறிக்கை வந்ததும் டிசம்பரில் மாற்றல் தருவார்கள். இரண்டு வேன் மாறிப் போக வேண்டும். ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும்.

காலியாகிற இடத்துக்குச் சுல்ஃபா மாற்றல் கேட்டால் அவள் மனுவைத்தான் முதலில் பார்ப்போம் என்று ஹெஸ்தி அம்மாள் சொன்னார். அந்தச் சேதியோடு, மன்னிப்புக் கேட்கவும் நேற்று தர்வியா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள். மன்னிப்பைக் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். சுல்ஃபாதான் பதில் சொன்னாள். "நான் வரல பெரியம்மா. அங்க என்னை வகுப்புத் தலைவியாப் போட்டிருக்காங்க. சாரணர் குழுவுல இருக்கேன். இனிமே அந்த பெஞ்ச்ல போய் உட்கார்ந்தா எல்லாரும் வெனிங் எழுந்த இடம்னுதான் பாப்பாங்க" என்றாள். அவள் அம்மா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் மூன்று மாதத்துக் கோபமும் இருந்தது. ஆனால் வற்புறுத்தவில்லை.

ஆக, அந்த இடம் இனி யாரோ முகம் தெரியாத ஒரு பிள்ளைக்குத்தான். எனக்கு ஆற்றாமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து வெனிங்கைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டேன். சுல்ஃபாவுக்கே வேண்டாமாம், பின்னே யாருக்காகடீ இத்தனையும், உன் அம்மாவும் அப்பாவும் அங்கே வெயிலில் பழக்குலை சுமப்பது எதற்காக என்று. "யாருக்குப் போகுதுங்கிறது இல்ல பெரியம்மா. தினம் அந்த கேட்டுக்குள்ள கால் வெக்கணும்னு நினைச்சாலே சோறு இறங்கல. கொடியேத்தும்போது பக்கத்துல நிக்கறவ இது யாரோட இடம்னு கேக்கப் போறான்னு நினைச்சு நினைச்சே கண்ணு இருட்டிக்குது. அது நின்னாப் போதும்" என்றாள்.

அன்று மத்தியானம் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குத்தான் இறங்கவில்லை.

என்னைத் திட்டு. நியாயம்தான். உன் மகளைத் திட்டாதே.

சுமியார்சி


புர்வொகெர்த்தோ
டிசம்பர் 1, 2019

அன்புத் தங்கை ருஸ்மிக்கு, ஸலாம். எட்டு வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. மாப்பிள்ளை மட்டும் ஒரு தடவை கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுத் தொலைத்தேன், வெனிங்கும் கேட்டாள். "நேர்மையா இருக்கறவளுக்குப் படிப்பு எதுக்கு? இங்க எடைக் கூடத்துல சீட்டு எழுத ஆள் தேடறாங்க, டிசம்பர்ல வந்து கூட்டிட்டுப் போறோம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் கோபம் எனக்குப் புரிகிறது. உடம்பு முறிய உழைத்து மகளை நல்ல பள்ளியில் சேர்த்தார். மகள் தானே இறங்கி வருகிறேன் என்றால் எந்தத் தகப்பனுக்கும் பொறுக்காது. ஆனால் பின்னால் உன் குரல் கேட்கும் கேட்கும் என்று இருந்தேன், கேட்கவில்லை. அவளும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுச் சேதி சொல்கிறேன். மழை பிடித்துக்கொண்டது. சமையலறை ஓட்டில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. பருவத் தேர்வு நாளை தொடங்குகிறது. வெனிங் கண் விழித்துப் படிக்கிறாள். ஜாவா மொழியில் போன மாதம் எழுபத்தெட்டு வாங்கினாள். அந்த வாத்தியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, அன்று வகுப்பில் அப்படிக் கேட்டது தப்பு என்று சொன்னாராம். போகிற பிள்ளை என்று தெரிந்த பிறகு வகுப்பில் சிலர் பேசுவதில்லை, சிலர் முன்னைவிட அதிகமாகப் பேசுகிறார்கள். ஒரு பையன், "நீ போனா எங்களையும் ஒவ்வொருத்தரா விசாரிப்பாங்க, சும்மா இருக்க முடியலையா?" என்று கேட்டானாம். அந்த வகுப்பில் மட்டும் இன்னும் நாலைந்து பேர் இவளைப் போலவே வந்தவர்கள் என்று சொல்கிறாள். யாரென்று பெயர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மலையடிவாரப் பள்ளியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். கட்டடம் பழசு. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஆனால் நூலகத்தில் ஜன்னல் பெரிது. தலைமையாசிரியர் இவள் கணக்கு மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். "எங்களுக்கு இப்படி ஒரு பிள்ளை வருதா?" என்று என்னைக் கேட்டார். வெனிங் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். இந்த ஊருக்கு வந்த பிறகு அவள் பள்ளிக்கூடம் ஒன்றுக்குள் நின்று சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

தர்வியா இன்னும் முழுதாகப் பேசுவதில்லை. போன வெள்ளிக்கிழமை வேலி வழியாக ஒரு தட்டு மெண்டோவான் நீட்டினாள். நான் தொழுகைக்குப் போகிற மாதிரி கையைக் கழுவிக்கொண்டு போய் வாங்கினேன். அவளுடைய தட்டை நான் திருப்பிக் கொடுக்கும்போது என்ன வைத்துக் கொடுப்பது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் இருபதாம் தேதி, வெள்ளிக்கிழமை, தேர்ச்சி அறிக்கை தருகிறார்கள். அன்றைக்கே மாற்றல் மனுவும் கொடுக்க வேண்டும். அதில் பெற்றவர் கையெழுத்து வேண்டுமாம். பெரியம்மா கையெழுத்துப் போதாது என்று ஹெஸ்தி அம்மாள் சொல்லிவிட்டார். நான் மறுபேச்சுப் பேசவில்லை. அந்த அறையில் நான் பேசியது போதும்.

நீ வா, ருஸ்மி. மாப்பிள்ளை வராவிட்டாலும் நீ மட்டுமாவது கப்பல் ஏறி வா. வந்து வகுப்பு ஆசிரியர் எதிரில் அந்தச் சின்ன நாற்காலியில் உட்கார். அம்மாவா என்று கேட்பார்கள், ஆமாம் என்று சொல். அவளை எடைக் கூடத்துக்குக் கூட்டிப்போகத்தான் வருகிறாய் என்றால் உன்னைத் தடுக்க நான் யார்? ஆனால் அவளை ஒரு தடவை பக்கத்தில் உட்காரவைத்து அவள் சொல்வதைக் கேட்டுவிட்டு, பிறகு எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுவது என்று முடிவு செய். அவள் நம் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. நாம் இருவரும் தூக்கி அவள் தலையில் வைத்ததை, யார் மேலும் போடாமல், மெதுவாகக் கீழே இறக்கி வைத்தாள். அவ்வளவுதான் செய்தாள். அவள் வயதில் எனக்கு அது வந்திருக்காது. இந்த வயதிலும் வரவில்லை, நீதான் படித்தாயே.

நான் உனக்கு எதையும் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் இல்லை. பெற்றவள் நீ. நான் பேட்ஜ் தைத்துப் பிழைக்கிறவள். ஆறு மாதமாக இந்த வீட்டில் காலையில் ஒரு குரல் கேட்கிறது, அதற்கு நான் பழகியிருக்கக் கூடாது.

நேற்று என்னிடம் கேட்டாள், அம்மா வந்தால் எங்கே படுப்பாள் என்று. கட்டிலில் நீங்கள் இருவரும் படுத்துக்கொள்ளுங்கள், நான் மெஷின் பக்கத்தில் பாய் போட்டுக்கொள்கிறேன் என்றேன். "எத்தனை நாளைக்குப் பெரியம்மா?" என்றாள். கடலில் உனக்கு நல்ல காற்று அடிக்கட்டும். பத்திரமாக வந்து சேர், அந்தக் கேள்விக்கு நீயே பதில் சொல்.

உன் வழி பார்த்திருக்கும்
அக்கா சுமியார்சி